“சேட்டை பண்ணினா ஊசி போடச் சொல்லிருவேன்”: ஆஸ்பத்திரியில் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் எங்கே வலிக்கிறது, எப்போது ஆரம்பித்தது, மத்தியானம் என்ன தின்றது, எங்கே விழுந்தது என்பதெல்லாம் முழுதாகத் தெரிந்த ஆள் அந்தப் பிள்ளைதான். ஆனால் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் அந்தப் பிள்ளையைத் தவிர மற்ற எல்லாரிடமும் பேச்சு நடக்கிறது. டாக்டர் அம்மாவிடம் கேட்கிறார், அம்மா ஒன்று சொல்கிறார், பின்னால் நிற்கும் அப்பத்தா “இல்ல சார், முந்தாநாள் கல்யாண வீட்டுல சாப்ட்டதுல இருந்துதான்” என்று வேறொன்று சொல்கிறார், பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறது.

நான் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றி இருக்கிற ஊர்ப் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் உள்ள பிள்ளைக்குக் கொஞ்சல் மட்டும் பத்தாது, காரணம் தெரிய வேண்டும். என்ன செய்யப் போகிறார்கள், எதற்காக, எவ்வளவு நேரம், அப்புறம் என்ன. நாம் சொல்லாமல் விட்டால் அது சும்மா இருக்காது, தானாக ஒன்றை நினைத்துக்கொள்ளும், அப்படி நினைப்பது பெரும்பாலும் உண்மையைவிடப் பயங்கரமாக இருக்கும். வீட்டில் உள்ளவர்களும் எங்களைப் போல ஆஸ்பத்திரியில் இருப்பவர்களும் செய்கிற தவறுகளில் முக்கால்வாசி இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

பிள்ளையை விட்டுவிட்டுப் பெரியவர்களிடம் கேட்பது

வயிற்றுவலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதமாக வலி, ஸ்கேன் எடுத்தாச்சு, ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது, பூச்சி மாத்திரை கொடுத்தாச்சு, தொக்கம் எடுக்கிறவரிடமும் போயாச்சு. கடைசியில் விஷயம் என்னவென்றால் பள்ளிக்கூடக் கக்கூஸில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வருவதில்லை, அதனால் பிள்ளை காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்கி வைத்துக்கொள்கிறது. அடக்க அடக்க மலம் குடலில் தங்கி, அதிலிருக்கும் தண்ணீரைக் குடல் உறிஞ்சி, கல் மாதிரி இறுகிப்போகிறது. போகும்போது வலிக்கும், அந்த வலிக்குப் பயந்து மறுபடி அடக்கும். சில பிள்ளைகளுக்கு இறுகின மலத்தைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஜட்டியில் படும், அதைப் பார்த்துவிட்டு “இத்தனை வயசாகியும் இப்படியா” என்று அடிவேறு விழும். அது பிள்ளைக்குத் தெரியாமலே நடப்பது, அடித்து நிறுத்த முடியாது. பெண் பிள்ளைகள் இன்னொன்று செய்வார்கள், பாத்ரூம் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரே குடிக்க மாட்டார்கள், கொண்டுபோன பாட்டில் அப்படியே திரும்பி வரும், நீர்க்கடுப்பும் கிருமித்தொற்றும் அடிக்கடி வரும்.

இதில் எதுவும் அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. பிள்ளையிடம் கேட்டால்தான் வரும், அதுவும் “மலச்சிக்கல் இருக்கா?” என்று கேட்டால் வராது. “உங்க ஸ்கூல் பாத்ரூம் எப்படி இருக்கும்? கதவு பூட்ட முடியுமா? தண்ணி வருதா? நீ அங்க போவியா, வீட்டுக்கு வந்துதான் போவியா?” என்று கேளுங்கள், கடகடவென்று சொல்லும்.

நின்றுகொண்டு கேட்காமல் உட்கார்ந்து, அதன் முகத்துக்கு நேராகப் பார்த்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, முதல் கேள்வியைப் பிள்ளையிடமே கேட்க வேண்டும். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும், அந்த நேரத்தைக் கொடுங்கள். பிள்ளை சொல்லி முடித்த பிறகு “அம்மா, இவன் விட்டது ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டால் அம்மாவும் விட்டதைச் சேர்த்துச் சொல்வார். பெற்றவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், டாக்டர் பிள்ளையைக் கேட்டால் நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். “சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்” என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தன்னைப் பற்றிய விஷயத்தில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு, அதை வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப மதிக்க வேண்டும் என்று ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 12-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. 1989-இல் வந்த அந்த உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் சேர்ந்தது.

“வலிக்கவே வலிக்காது, எறும்பு கடிக்கிற மாதிரிதான்”

இந்தப் பொய் ஒரு தடவைதான் எடுபடும். அடுத்த தடவை நீங்கள் உண்மையையே சொன்னாலும் பிள்ளை நம்பாது, வாசலிலேயே கத்த ஆரம்பித்துவிடும், தெர்மாமீட்டரைக் காட்டினால்கூடக் கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். ஊசி வலிக்கும். வலிக்கும் என்று சொல்வதில் தப்பில்லை, எவ்வளவு நேரம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். “சுருக்குன்னு இருக்கும், நீ மெதுவா அஞ்சு எண்ணி முடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும், சாயங்காலம் வரைக்கும் கை கொஞ்சம் கடுக்கும்” என்றால் போதும். அதற்காக “இப்ப குத்தப் போறேன், வலிக்கப் போகுது, தாங்கிக்க” என்று பயமுறுத்தவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி வெளியிட்ட பரிந்துரையிலும் இதைத்தான் சொல்கிறார்கள்: பயத்தைக் கூட்டுகிற பேச்சும் வேண்டாம், பொய்யான ஆறுதலும் வேண்டாம்.

ரத்தப் பரிசோதனையில் பிள்ளைகளுக்கு இருக்கிற பயம் வேறு, அதைப் பெரியவர்கள் கவனிப்பதே இல்லை. இரண்டு மூன்று குழாய்களில் எடுப்பதைப் பார்த்ததும் “எல்லா ரத்தத்தையும் எடுத்துட்டா நான் செத்துருவேனா?” என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. வாய்விட்டுக் கேட்கிற பிள்ளை கொஞ்சம்தான். இருபத்தைந்து கிலோ எடையுள்ள பிள்ளையின் உடம்பில் ஏறக்குறைய 2 லிட்டர் ரத்தம் ஓடுகிறது, ஒரு குழாயில் எடுப்பது இரண்டு மூன்று மில்லி, அரை டீஸ்பூன். இதைச் சொல்லி, “உன் உடம்பே திரும்ப உண்டாக்கிக்கும்” என்றும் சொன்னால் பல பிள்ளைகள் முகம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

“டெஸ்ட்” என்ற சொல்லையும் விளக்கிவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் டெஸ்ட் என்றால் பாஸ், ஃபெயில், திட்டு. ரிசல்ட் வரும் வரைக்கும் தான் ஃபெயிலாகிவிடுவோமோ என்று ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

ஆபரேஷன் என்றால் மயக்க மருந்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். “தூங்க வச்சிருவாங்க” என்று மட்டும் சொல்லி நிறுத்துவது பெரிய தவறு. போன வருஷம் தாத்தா இறந்தபோது “தாத்தா தூங்கிட்டாரு” என்று அந்தப் பிள்ளையிடம் நாம்தான் சொல்லியிருப்போம். இன்னொரு பயம், நடுவில் முழித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது. “இது ராத்திரி தூங்குற தூக்கம் இல்ல. மருந்து கொடுக்குற டாக்டர் முடியிற வரைக்கும் உன் பக்கத்துலயே இருப்பாரு, நடுவுல வலி தெரியாது, முடிஞ்சதும் அவரே எழுப்பி விட்ருவாரு, கண்ணு முழிச்சதும் அம்மாவக் கூட்டிட்டு வந்துருவோம்” என்று சொல்லலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் அம்மாவை உள்ளே விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு சொல்லுங்கள், நடக்காததை வாக்குக் கொடுக்காதீர்கள். எப்போது சொல்வது என்றும் கேட்பார்கள். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் சொன்னால் போதும், பத்துப் பன்னிரண்டு வயதென்றால் ஒரு வாரம் முன்பே சொல்லலாம், அதற்குக் கேள்வி கேட்க நேரம் வேண்டும். “அத்தை வீட்டுக்குப் போறோம்” என்று பஸ் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவதை மட்டும் செய்யாதீர்கள், அதற்குப் பிறகு அத்தை வீட்டுக்கு உண்மையாகவே கூட்டிப்போனாலும் வர மறுக்கும்.

பல் டாக்டர்களிடம் நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு முறை இருக்கிறது. முதலில் சொல், பிறகு காட்டு, அதன் பிறகு செய். ஆடில்ஸ்டன் என்ற பல் மருத்துவர் 1959-இல் எழுதியது, இன்றும் குழந்தைகள் பல் மருத்துவத்தில் இதைத்தான் முதலில் கற்றுக்கொடுக்கிறார்கள். ஸ்டெதஸ்கோப்பைப் பிள்ளையின் காதில் மாட்டி அதன் நெஞ்சுச் சத்தத்தையே கேட்க விடுங்கள், மருந்தை ஆவி மாதிரி மூச்சில் இழுக்க வைக்கிற நெபுலைசர் மாஸ்க்கை முதலில் கையில் கொடுத்து மிஷின் சத்தத்தை ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள். அரை நிமிஷ வேலை.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கண் சொட்டு மருந்து நல்ல உதாரணம். 1976-இல் டாக்டர் வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதிலிருந்து கண் என்றாலே மதுரை என்று தென்மாவட்டம் முழுக்க இங்கே வந்து இறங்குகிறது, அதனால் இந்தப் பக்கம் நிறையப் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரி அனுபவமே கண் பரிசோதனையில்தான் தொடங்கும். கண்ணாடி பவர் பார்க்கக் கண்மணியை விரிக்கிற சொட்டு போடுவார்கள். போட்டதும் எரியும், கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும், திறந்தால் வெளிச்சம் கூசும், பக்கத்தில் இருக்கிற எழுத்து எதுவும் தெரியாது. மருந்தைப் பொறுத்து இது சில மணி நேரமும் இருக்கும், அட்ரோபின் மாதிரி மருந்தென்றால் பல நாளும் இருக்கும். முன்னாலேயே சொல்லி வைத்த பிள்ளை “ஆமா, தெரியல, சொன்ன மாதிரியே இருக்கு” என்று உட்கார்ந்திருக்கும். சொல்லாத பிள்ளை ராத்திரி வீட்டுப்பாட நோட்டைத் திறந்து பார்த்து, கண் போய்விட்டது என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் அழும்.

“சேட்டை பண்ணினா ஊசி போடச் சொல்லிருவேன்”

இதை வீட்டிலும் சொல்கிறோம், பஸ்ஸிலும் சொல்கிறோம், ஓ.பி. வரிசையில் என்னைக் காட்டியே சொல்கிறார்கள். “இந்தா சிஸ்டர் வந்துட்டாங்க, ஊசி போட்ருவாங்க.” தயவு செய்து சொல்லாதீர்கள். ஊசியைத் தண்டனையாக்கிவிட்டால் நோயும் தண்டனையாகிவிடும்.

இந்த வயதுப் பிள்ளைகளில் பலருக்கு, முக்கியமாக ஆறிலிருந்து எட்டு வரை, தான் ஏதோ தப்புச் செய்ததால்தான் நோய் வந்தது என்ற எண்ணம் உள்ளுக்குள் இருக்கும். நாம் வேறு அதற்கு எண்ணெய் ஊற்றுகிறோம். பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லி வளர்த்த பிள்ளைக்குக் கண்ணில் அடிபட்டாலோ தடிமனான கண்ணாடி போட வேண்டி வந்தாலோ அது என்ன நினைக்கும்? தான் சொன்ன பொய் எது என்று தேடிக்கொண்டிருக்கும். பெரியவர் யாருக்கும் அது தெரியாது, ஏனென்றால் அதைச் சொன்னால் பொய்யும் வெளியே வந்துவிடும்.

டைப் 1 சர்க்கரை நோய் வந்த பிள்ளைகள் படுகிற பாடு இன்னும் மோசம். பார்க்க வருகிற சொந்தக்காரர் ஒவ்வொருவரும் “ரொம்ப மிட்டாய் தின்பியோ?” என்று கேட்டுவிட்டுப் போவார். மிட்டாய் தின்றதால் டைப் 1 வருவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களைத் தவறுதலாக அழித்துவிடுவதால் வருகிறது. பிள்ளையும் அம்மாவும் செய்த எதனாலும் வந்ததில்லை. இதைச் சொந்தக்காரர்கள் இருக்கும்போதே, பிள்ளையைப் பார்த்து, டாக்டரோ நர்ஸோ சத்தமாகச் சொல்ல வேண்டும். பிள்ளை கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். “நீ தப்பு எதுவும் பண்ணல” என்ற ஒரு வரியை எந்த நோயாக இருந்தாலும் நான் விடுவதில்லை.

அழுகையும் பிடித்து அமுக்குவதும்

“ஆம்பளப் பிள்ளை அழலாமா?”, “உன் தங்கச்சி பாரு எப்படிக் காட்டுறா”, “சிங்கக்குட்டில்ல” எல்லாம் ஒரே ரகம். அழுவது பிள்ளைக்குத் தெரிந்த வழி, அழட்டும். அழுதாலும் கையை ஆட்டாமல் வைத்திருந்தால் அதைப் பாராட்டுங்கள், “அழுதாலும் கைய அசைக்கவே இல்ல பாத்தியா” என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

ஊசி போட வேண்டும் என்று முடிவான பிறகு “ஊசி போட்டுக்கலாமா தம்பி?” என்று கேட்காதீர்கள். அவன் வேண்டாம் என்பான், நீங்கள் போடுவீர்கள், கேட்டதற்கு அர்த்தமே இல்லாமல் போகும். உண்மையாகவே அவன் முடிவு செய்யக்கூடியதைக் கொடுங்கள். எந்தக் கை, நாற்காலியா அம்மா மடியா, பார்ப்பாயா திரும்பிக்கொள்வாயா, நான் எண்ணவா நீ எண்ணுகிறாயா. அப்புறம் நாலு பேர் சேர்ந்து கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து அமுக்குவதை எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தவிர்க்க வேண்டும், மல்லாந்து கிடக்கும்போது பயம் கூடும். உட்கார்ந்த நிலையில், அம்மா பக்கவாட்டில் அணைத்துப் பிடித்திருக்க, மெதுவாக ஊதச் சொல்லிப் போட்டாலே பாதிச் சண்டை குறையும். முன்பு ஊசிக்கு மயங்கி விழுந்த பிள்ளை என்றால் மட்டும் படுக்க வைத்துப் போடுவதுதான் சரி.

பள்ளிக்கூடத்தில் பத்து வயதில் போடும் டி.டி. (ரண ஜன்னி, தொண்டை அடைப்பான்) தடுப்பூசிக்கும் இது பொருந்தும். வகுப்பு முழுக்க வரிசையில் நிற்க, முன்னால் நிற்கிறவர் அழுவதைப் பின்னால் நிற்கிற முப்பது பேரும் பார்க்கிற மாதிரி மேசையைப் போடாதீர்கள், ஒருத்தி மயங்கினால் வரிசையாக நாலு பேருக்குத் தலைசுற்றும். ஒரு திரையோ தனி அறையோ போதும், சாப்பிட்டு வந்தார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வலியைக் கேட்கும் விதம்

“பத்துக்கு எத்தனை வலிக்குது?” என்று ஆறு வயதுப் பிள்ளையைக் கேட்டால் பரீட்சை மார்க் சொல்கிற மாதிரி பத்துக்குப் பத்து என்று சொல்லும். எட்டு வயதுக்கு மேல்தான் எண் ஓரளவு சரிப்படும். அதற்குக் கீழே முகப் படங்களைக் காட்டிக் கேட்பது வழக்கம், ஆனால் அங்கேயும் “நீ எந்த மூஞ்சி மாதிரி இருக்க?” என்று கேட்கக் கூடாது. அம்மா ஊருக்குப் போனதால் சோகமாக இருக்கிற பிள்ளை அழுகிற முகத்தைத் தொடும். “உனக்கு எவ்வளவு வலிக்குதுன்னு எந்த மூஞ்சி காட்டுது?” என்று வலியை மட்டும் கேட்க வேண்டும். இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் 2001-இல் வந்த திருத்திய முக அளவுகோலில் சிரிப்பும் கண்ணீரும் இல்லாத ஆறு முகங்களை வைத்தார்கள். சொல் எடுத்துக் கொடுப்பதும் உதவும்: குத்துதா, காந்துதா, பிசையுதா, விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா. இரண்டு மூன்று வாய்ப்பாகக் கொடுங்கள், “குத்துதுதானே?” என்று ஒன்றை மட்டும் கொடுத்தால் ஆமாம் என்று தலையாட்டிவிடும். விளையாட விடமாட்டார்கள், ஊசி போடுவார்கள் என்று பயந்து வலியே இல்லை என்று சொல்கிற பிள்ளைகளும் உண்டு, அதனால் முகத்தையும் நடையையும் பாருங்கள்.

காதில் விழுகிற பேச்சு, மறைக்க வேண்டிய பேச்சு

பிள்ளைக்குப் புரியக் கூடாது என்று ஆங்கிலத்துக்கு மாறுவது நம் ஊரில் இன்னும் நடக்கிறது. இங்கிலீஷ் மீடியம் படிக்கிற பிள்ளைக்குப் பாதி புரியும், அந்தப் பாதிதான் ஆபத்து. கதவுக்கு வெளியே குசுகுசுவென்று பேசிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவதும் அப்படியே. மோசமான செய்தி என்றாலும் பிள்ளைக்கு எவ்வளவு சொல்வது என்று டாக்டரும் பெற்றவர்களும் தனியாகப் பேசி முடிவு செய்துகொண்டு, அந்த அளவை நேராகச் சொல்லிவிடலாம்.

இதற்கு நேர்மாறாக, மறைக்க வேண்டியதைச் சபையில் போட்டு உடைக்கிறோம். பதினொரு வயதுப் பையன் படுக்கையில் மூத்திரம் போவதை வெயிட்டிங் ஹாலில் சத்தமாகச் சொல்வது, வயதுக்கு வரப்போகிற பெண் பிள்ளையைத் திரை போடாமல் பரிசோதிப்பது. எந்த இடத்தைத் தொடப் போகிறோம், எதற்கு என்று சொல்லி, அம்மாவோ பெண் ஊழியரோ பக்கத்தில் இருக்க, திரையை இழுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பத்து வயதுக்கு மேல் ஐந்து நிமிஷம் தனியாகப் பேசுவதும் நல்லது, ஆனால் “யாருக்கும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். யாராவது தப்பாகத் தொட்டதைப் பிள்ளை சொன்னால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தகவல் கொடுப்பது கட்டாயம். “உனக்கு ஆபத்துன்னா மட்டும் உதவி செய்யுறவங்ககிட்ட சொல்லுவேன்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஓ.பி. சுவரில் பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டினால் நல்லது.

“புரிஞ்சுதா?”

இதற்குப் பிள்ளைகள் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், வகுப்பில் அப்படித்தான் பழகியிருக்கிறார்கள். செய்து காட்டச் சொல்லுங்கள். ஆஸ்துமா பிள்ளையிடம் இன்ஹேலரையும் அதோடு மாட்டுகிற ஸ்பேசர் குழாயையும் கொடுத்து “உன் தம்பிக்கு எப்படிச் சொல்லிக் குடுப்ப, எனக்குச் சொல்லு” என்று கேளுங்கள். குலுக்க மறந்திருக்கும், இரண்டு பஃப்பையும் ஒன்றாக அமுக்கிவிடும், வாயைச் சுற்றி இடைவெளி விட்டிருக்கும். அங்கேயே திருத்தலாம்: குலுக்கு, ஸ்பேசரில் மாட்டு, உதட்டை நன்றாக மூடிக்கொள், ஒரு பஃப் அமுக்கு, ஐந்தாறு தடவை நிதானமாக மூச்சை இழுத்து விடு, அப்புறம் மறுபடி குலுக்கி அடுத்த பஃப், ஸ்டீராய்டு மருந்தென்றால் கடைசியில் வாயைக் கொப்பளித்துத் துப்பு. பெரியவர்கள் பொறுப்பு பெரியவர்களுக்கே இருக்கட்டும், ஆனால் விளையாட்டு பீரியடில் இழுப்பு வரும்போது அம்மா பக்கத்தில் இருக்க மாட்டார். எந்த மருந்து இழுப்பு வந்ததும் போடுவது, எது தினமும் போடுவது என்று டப்பாவின் நிறத்தைக் காட்டி அதன் வாயாலேயே சொல்ல வைத்து, தினமும் போடுவதை வீட்டிலும் இழுப்புக்குப் போடுவதைப் பையிலும் வையுங்கள். திங்கட்கிழமை காலையில் வகுப்பு டீச்சரிடம் கூட்டிப்போனால் எப்போது எடுக்க வேண்டும் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும், விட்டதை மட்டும் நீங்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.